மறுமொழி: 'உத்தியோகபூர்வக் கணக்கு' போதாதா? 'பதவிவழிக் கணக்கு' என்ற பரிந்துரை

மதிப்பிற்குரிய ஐயா,

பதவியில் இருப்பவர் அப்பதவியின் பேரில் நடத்தும் சமூக ஊடகக் கணக்கைத் தமிழில் எப்படி அழைப்பது என்ற உரையாடலில் தாங்கள் இப்படிக் கேட்டிருந்தீர்கள்:

> 'உத்தியோகபூர்வக் கணக்கு' என்பது புழக்கத்தில் இருக்கும்போது இன்னொரு சொல் எதற்கு?

ஒரு முகநூல் பக்கம் போலியன்று என்பதையே 'உத்தியோகபூர்வம்' உறுதிப்படுத்துகிறது. அது யாருக்குச் சொந்தம், பதவி கைமாறும்போது யாரிடம் போகும் என்பதை அச்சொல் தெரிவிப்பதில்லை. வன்னியில் இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. 2018 பெப்ரவரியில் தெரிவான பிரதேச சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிவடைந்தது. 2025 மே 6ஆம் திகதி அடுத்த தேர்தல் நடக்கும்வரை தவிசாளர் இல்லாமல் செயலாளர்களே நிருவாகத்தைப் பார்த்தார்கள். ஒரு தவிசாளர் தமது சொந்தப் பக்கத்திலேயே குடிநீர் விநியோக நேரத்தை அறிவித்து, மக்களும் எரியாத வீதி விளக்குகளைப் பற்றி அதன் கீழேயே முறையிட்டு வந்திருந்தால், அவர் பதவி நீங்கிய மறுநாள் அம்முறைப்பாடுகள் அனைத்தும் ஒரு தனிமனிதரின் கையில் தங்கிவிடும்.

மாரி காலத்தில் இது இன்னும் பாரதூரமானது. 'இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டுள்ளன. தாழ்நிலப் பகுதி மக்கள் அவதானமாக இருக்கவும்' என்ற வரிகளை முரசுமோட்டையிலோ கண்டாவளையிலோ ஒருவர் நள்ளிரவில் கைபேசியில் பார்க்கிறார். அதைச் சொல்வது நீர்ப்பாசனத் திணைக்களமா, மாவட்டச் செயலகமா, அங்கு பணிபுரியும் ஒருவரின் சொந்தப் பக்கமா என்பதைப் பொறுத்தே அவர் மாடுகளை அவிழ்த்துக்கொண்டு மேட்டுக்குப் போவார்.

அமெரிக்க ஜனாதிபதிப் பதவிக்கென 2015 மே மாதம் தொடங்கப்பட்ட டுவிட்டர் கணக்கு, 2017 ஜனவரியில் ஒபாமாவிடமிருந்து டிரம்பிடம் சென்றது. பழைய பதிவுகள் வேறொரு கணக்கில் ஆவணமாகப் பேணப்பட்டன. அமெரிக்காவின் போட் ஹியூரன் நகர முகாமையாளர் தமது முகநூல் பக்கத்தில் ஒரு குடிமகனைத் தடைசெய்த வழக்கில், அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2024 மார்ச்சில் இரண்டு கேள்விகளை வகுத்தது: அரசின் சார்பில் பேசும் அதிகாரம் அவருக்கு உண்மையில் இருந்ததா, அந்தப் பதிவில் அவர் அந்த அதிகாரத்தைக் கொண்டுதான் பேசினாரா? நமக்கு வேண்டிய வரைவிலக்கணமும் ஏறக்குறைய இதுவே.

ஆகவே, பதவியின் பேரில் நடத்தப்பட்டு, பதவி கைமாறும்போது அடுத்தவரிடம் செல்ல வேண்டிய கணக்குக்குப் 'பதவிவழிக் கணக்கு' என்பதைப் பரிந்துரைக்கிறேன். சங்க யாப்புகளில் 'பதவிவழி உறுப்பினர்' என்று வாசித்துப் பழகிய நம்மவர்களுக்கு இது விளக்கமின்றியே புரியும். சபையோ திணைக்களமோ தன் பெயரில் நடத்துவது 'நிறுவனக் கணக்கு', ஒருவர் சொந்தமாக நடத்துவது 'தனியாள் கணக்கு'. இவ்வுரையாடலில் முன்மொழியப்பட்ட 'அரச கணக்கு' வேண்டாம்; பாராளுமன்றத்தின் அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு இருக்கையில் அது வரவுசெலவையே நினைவூட்டும்.

கிராம அலுவலர்கள் தத்தம் பிரிவில் நடத்தும் வாட்ஸ்அப் குழுக்களுக்குக் 'கணக்கு' பொருந்தாது. அலுவலர் இடமாற்றம் பெறும்போது குழு யாரிடம் போகும் என்ற அதே கேள்வி அங்கும் எழுவதால், அவற்றைப் 'பதவிவழிக் குழு' என எழுதலாமா என்று தங்கள் கருத்தைத் தெரிவியுங்கள்.