'டேபிள்' என்றால் முன்வைத்தார்களா, தள்ளிவைத்தார்களா?

ஆங்கிலக் கூட்டக் குறிப்பு ஒன்றைத் தமிழாக்குவதில், 'தி மோஷன் வாஸ் டேபிள்ட்' என்ற வரியில் வேலை நிற்கிறது. பிரிட்டிஷ் வழக்கில் தீர்மானம் விவாதத்துக்கு முன்வைக்கப்பட்டது என்று பொருள். அமெரிக்க வழக்கில் நேர் எதிர்: ஒத்திவைக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் இரு நாட்டு அதிகாரிகளும் இதே சொல்லால் நெடுநேரம் வாதாடியதைச் சர்ச்சிலே எழுதியிருக்கிறார்.

குறிப்பு 22 பக்கம். தலைவர் லண்டன்காரர், எழுதிய செயலர் சிகாகோ. சொல் 3 இடத்தில் வருகிறது. முதலாவதில் பின்னாலேயே 'அன்டில் மே' (மே வரை) இருப்பதால் ஒத்திவைப்புதான். இரண்டாவதில் 'பை' (இன்னாரால்) என்று போட்டு உறுப்பினர் பெயர், அடுத்த வரியிலேயே வாக்கெடுப்பு, ஆகவே முன்வைப்பு. மூன்றாவது மொட்டையாக நிற்கிறது.

அகராதிகள் இரண்டு பொருளையும் தருகின்றன. எழுத்துக்கூட்டலும் பார்த்தாயிற்று: 'ஆர்கனைஸ்' அமெரிக்க வழக்கில் போல இசட் எழுத்தோடு இருக்கிறது, ஆனால் பிரிட்டனின் ஆக்ஸ்ஃபோர்டு வழக்கும் அதேதான் என்பதால் சான்றாகாது. அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரல் கிடைக்கவில்லை. செயலருக்கு எழுதி 9 நாள், பதில் இல்லை. வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். 'கொண்டுவரப்பட்டது' என்று பூசி மெழுகினால் வாசிப்பவர் முன்வைப்பு என்றே எடுத்துக்கொள்வார். அது தவறாகவும் இருக்கலாம்.

மூன்றாவது இடத்தின் பொருளைக் குறிப்புக்குள்ளிருந்தே உறுதிசெய்ய வேறு எந்தத் தடயத்தைப் பார்க்கலாம்?