சொக்கலிங்கம் முகப்புக்கு வரவும்

குழு: கண்டனூர் ஐயா வீடு

வள்ளி ஆச்சி, காலை 7:10
பல்லவன் ரயிலில் ஏறியவர்களுக்கு உட்கார இடம் கிடைத்ததா? நேற்றுவரை பந்தி பந்தியாக இலை போட்ட வீட்டில் இப்போது அப்பத்தாவும் மீனாவும்தான். கல்யாணத்தில் சிரித்ததை எல்லாம் எழுதுங்கள். மீனா படித்துக் காட்டுவாள்.

சின்ன சொக்கு, 7:12
குதிரை! குதிரை! 😂

காரைக்குடி சொக்கு, 7:15
நான்தானே பக்கத்தில் நின்றேன், நானே சொல்கிறேன். மாப்பிள்ளையை ஏற்றியாச்சு, குடை பிடிச்சாச்சு, மேளமும் தொடங்கியாச்சு. குதிரை நகரவில்லை. என்னவென்று பார்த்தால், அம்மான் தாய்மாமன் சீராகக் கொண்டுவந்த வேவுக்கடகக் கூடையில் தலையை விட்டு வாழைப்பழம் தின்கிறது. ஒரு சீப்பு முழுசாக முடிந்த பிறகுதான் கிளம்பியது.

அம்மான், 7:18
பூவன்பழம். அதுவும் நானே பொறுக்கி எடுத்தது. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. "மாப்பிள்ளையைச் சுமக்கிறது, அதற்கு யார் வேவு வைத்தீர்கள்?" என்று அப்பத்தா கேட்டார்களே, அதோடு கோபம் போய்விட்டது. இன்னொரு சீப்பும் கொடுத்தேன்.

உமா, 7:24
எல்லோருக்கும் வணக்கம். நேற்றுத்தான் குழுவில் சேர்த்தார்கள். ஆச்சி, இங்கே மூன்று சொக்கலிங்கம் தெரிகிறது. யார் யார்?

வள்ளி ஆச்சி, 7:31
வாம்மா உமா! மூன்று இல்லை, நம் வீட்டில் ஐந்து. ஐயாவுக்கு ஐந்து மகன்கள். ஐந்து பேரும் மூத்த பையனுக்கு ஐயா பேரையே வைத்தார்கள். உன் வீட்டுக்காரன் நான்காவது. பெரியம்மா மாமனார் பேரைச் சொல்லமாட்டார்கள், அதனால் மகனைத் "தம்பி" என்றே கூப்பிடுவார்கள். பந்தியில் ஒருமுறை "தம்பி, இங்கே வா" என்றார்கள். மூன்று வரிசை திரும்பிப் பார்த்தது.

சிங்கப்பூர் சொக்கு, 7:33
ஆச்சி, மைக் கதையைச் சொல்லுங்கள்.

உமா, 7:41
அதை நான் சொல்கிறேனே. தாலி கட்டும் திருப்பூட்டுக்கு முன்னால் எங்கள் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு ஒரு கார் நின்றது. கோயில் மாலை கொண்டுவந்தவர்கள் உள்ளே வர வழியில்லை. "சொக்கலிங்கம் உடனே முகப்புக்கு வரவும்" என்று மைக்கில் சொன்னார்கள். வீட்டுக்குள் வளவில் இருந்து இரண்டு பேர், பட்டாலையில் இருந்து இரண்டு பேர் ஓடினார்கள். அலங்காரம் பண்ணி உட்கார்ந்திருந்த இவுகளும் எழுந்துவிட்டார்கள்! நாதஸ்வரக்காரர் மாப்பிள்ளை வருகிறார் என்று நினைத்துக் கெட்டிமேளத்துக்குக் கை காட்டிவிட்டார். அப்புறம் என் பிறந்த வீட்டு ஐயாவும் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் பேரும் சொக்கலிங்கம்தான். கதவு இடுக்கில் பார்த்த எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. புகைப்படத்தில் கண் கலங்கியிருக்கிறேன் என்று எல்லோரும் சொல்கிறீர்களே, அது அந்தச் சிரிப்புத்தான்.

சின்ன சொக்கு, 7:42
ஆறு பேரில் யாருடைய காரும் இல்லை!!

காரைக்குடி சொக்கு, 7:44
சமையல்காரருடையது. அவரும் சொக்கலிங்கம். எண்ணெயில் கந்தரப்பம் கிடந்தது, அதனால் அவர் மட்டும் வரவில்லை. சாவியை வாங்கி நான்தான் எடுத்து விட்டேன். அந்தக் கந்தரப்பம் நன்றாக இருந்தது, சரியான பதம்.

அம்மான், 7:45
உண்மை. நான் ஆறு சாப்பிட்டேன்.

மீனா, 7:58
எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். அப்பத்தா சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது, தண்ணீர் கொடுத்தேன். இப்போது சொல்வதை அப்படியே எழுதுகிறேன்: "உங்க ஐயா பேரை நான் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. அன்னைக்கு மைக்கில் கூப்பிட்டதும் எனக்கே எழுந்திரிக்கத் தோணுச்சு. ஒருத்தரைக் கூப்பிட்டா இத்தனை பேரு ஓடி வர்றீகளேன்னு சந்தோசமா இருந்துச்சு."

சிங்கப்பூர் சொக்கு, 8:02
அப்பத்தாவிடம் சொல்லு மீனா, தைக்கு வருகிறேன்.

வள்ளி ஆச்சி, 8:03
நானும். பிள்ளைகளையும் கூட்டி வருகிறேன்.

மீனா, 8:10
அப்புறம், வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் ஒரு எவர்சில்வர் தூக்கு இருக்கிறது. உள்ளே மனகோலமும் சீப்புச் சீடையும். மூடியில் சொக்கலிங்கம் என்று பேர் வெட்டியிருக்கிறது. யாருடையது?

சின்ன சொக்கு, 8:10
என்னோடது.

காரைக்குடி சொக்கு, 8:10
என்னுடையது மீனா.

சிங்கப்பூர் சொக்கு, 8:11
அது என்னுடைய தூக்கு!