பெங்களூரு குளிரில் பயிற்சி, கோவா வெயிலில் பந்தயம்: 14 வாரத்தில் எதைப் பிடிப்பது?

கோரமங்களா_34
எல்லோருக்கும் வணக்கம். கோவா அயர்ன்மேன் 70.3-க்கு இன்னும் 14 வாரம் இருக்கிறது. 1.9 கி.மீ. கடல் நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். 50 மீட்டர் குளத்தில் 100 மீட்டருக்கு 2:40 ஆகிறது, நிற்காமல் 1,500 மீட்டர் போகிறேன். சனிக்கிழமை நந்தி மலை ஏறி இறங்கி 110 கி.மீ. கப்பன் பார்க்கில் 15 கி.மீ. ஓட்டம், கிலோமீட்டருக்கு 6:30. வாரத்துக்கு 9 மணி நேரம்தான் கிடைக்கும். நீச்சல் கட்-ஆஃப் 70 நிமிடம் என்பதுதான் பயமாக இருக்கிறது. எதில் நேரத்தைப் போடலாம்?

பசவனகுடி_நீச்சல்
தம்பி, கணக்குப் போட்டுப் பாருங்கள். கடலில் கோடு கிடையாது, வளைந்து வளைந்து 2,050 மீட்டராவது நீந்துவீர்கள். சுவரை உதைத்துக் கிடைக்கும் வேகமும் அங்கே இல்லை, அதனால் 2:40 என்பது 2:55 ஆகும். அப்போதும் 60 நிமிடத்தில் கரை ஏறிவிடலாம். வேகத்தைத் துரத்த வேண்டாம்.

குளத்திலேயே கடலைப் பழகுங்கள். சுவருக்கு 2 மீட்டர் முன்பே, தரையைத் தொடாமல், சுவரை உதைக்காமல் திரும்புங்கள். 8 கை வீச்சுக்கு ஒருமுறை கண் மட்டும் தண்ணீருக்கு மேலே வரட்டும். முன்னால் பார்த்தபின் தலையைப் பக்கவாட்டில் திருப்பி மூச்செடுங்கள். பார்ப்பதையும் மூச்சையும் ஒன்றாக்கித் தலையை முழுக்கத் தூக்கினால் இடுப்பு அமிழும், 500 மீட்டரிலேயே தோள் கனத்துவிடும். கோவா கடல் வெதுவெதுப்பானது. வெட்சூட் (மிதக்க உதவும் ரப்பர் நீச்சல் உடை) விதியின் 24.5 டிகிரி வரம்பைத் தாண்டியே இருக்கும், அதன் மிதப்பை நம்ப முடியாது. உப்புத் தண்ணீரில் கழுத்துப் பின்புறமும் அக்குளும் உரசிப் புண்ணாகும், அங்கே வாஸ்லைன் தடவுங்கள். கையில் மிச்சம் இருப்பது நீச்சல் கண்ணாடியில் படாமல் துடைத்துவிடுங்கள். இரண்டு நாள் முன்னதாகவே பந்தயம் நடக்கும் மிராமார் கடற்கரைக்குப் போய், ஏற்பாட்டாளர்கள் வைக்கும் பழகு நீச்சலில் கட்டாயம் இறங்குங்கள்.

ஜெயநகர்_டர்போ
நீச்சலைவிட எனக்குக் கவலை வெயில்தான். இங்கே 900 மீட்டர் உயரத்தில், விடிகாலை 20 டிகிரியில் ஓடும் 6:30-ஐ அங்கே எடுத்துக்கொண்டு போகாதீர்கள். நீங்கள் ஓட இறங்கும் நேரம் முற்பகல் தாண்டியிருக்கும், கோவா 32 டிகிரியைத் தொடும். காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை ஆவியாகாமல் சொட்டும். சொட்டிய வியர்வை உடம்பைக் குளிர்விக்காது, தண்ணீர்தான் வீணாகும்.

கடைசி 3 வாரத்தில் 10 வெப்பப் பயிற்சி செய்யுங்கள். ஜன்னலைச் சாத்தி, ஃபேன் போடாமல், டர்போ டிரெய்னரில் (சைக்கிளை நிறுத்தி வைத்து மிதிக்கும் கருவி) 60 நிமிடம், எஃப்டிபியில் (ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும் அதிகபட்ச மிதி சக்தி) 60 சதவீதத்துக்கு மேல் போகாமல். ரத்தத்தில் பிளாஸ்மா என்ற நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் சுரக்கும், அதில் உப்பும் குறையும். வீட்டில் ஒருவர் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். தலை சுற்றினாலோ, உடம்பு சிலிர்த்தாலோ உடனே இறங்குங்கள்.

அதே ஒரு மணி நேரத்தில் வியர்வையையும் அளந்துவிடலாம். உடையில்லாமல் முன்னும் பின்னும் எடை பாருங்கள். 68.0 கிலோ 67.2 ஆகி, இடையில் 500 மி.லி. குடித்திருந்தால், போனது 1.3 லிட்டர். பந்தயத்தில் மணிக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு, 850 மி.லி. அளவுக்குக் குடித்தால் போதும். முழுவதையும் ஈடுகட்டப் பார்த்தால் வயிறு குலுங்கும்.

ஓட்டத்தைக் கிலோமீட்டருக்கு 7:15 என்று வைத்துத் திட்டமிடுங்கள், 2 மணி 33 நிமிடம் வரும். சைக்கிள் மணிக்கு 26 கி.மீ. என்றால் 3 மணி 28 நிமிடம். நீச்சல் 60, உடை மாற்றும் இரண்டு இடங்களுக்கும் சேர்த்து 13 நிமிடம். மொத்தம் 7:14. எட்டரை மணி நேர வரம்புக்குள் தாராளமாக முடிப்பீர்கள்.

தேவனஹள்ளி_சக்கரம்
நந்தியை மாதம் ஒருமுறையாகக் குறைத்துக்கொள்ளுங்கள். இறக்கத்தில் கால் சும்மா இருக்கும், கோவாவில் அந்த ஓய்வு கிடைக்காது. சமமான ரோட்டில் 3 மணி நேரம் மிதிப்பதை நிறுத்தாமல், குனிந்த நிலையிலேயே, எஃப்டிபியில் 72 முதல் 75 சதவீதம். இறங்கிய 5 நிமிடத்துக்குள் 5 கி.மீ. ஓடுங்கள், முதல் 2 கி.மீ. வேண்டுமென்றே மெதுவாக. ஒவ்வொரு நான்காவது வாரமும் மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். முன்னால் போகிறவருக்கும் உங்களுக்கும் 12 மீட்டர் இடைவெளி என்ற சைக்கிள் விதியையும் பயிற்சியிலேயே கண்ணுக்குப் பழக்குங்கள்.

கோரமங்களா_34
மிக்க நன்றி அண்ணா. பாட்டிலில் ஓஆர்எஸ் மட்டும் கலந்துகொண்டால் போதுமா?

ஜெயநகர்_டர்போ
போதாது. 1 லிட்டர் ஓஆர்எஸ்ஸில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான். உங்களுக்கு மணிக்கு 60 கிராம் கார்போ வேண்டும். அது வயிற்றுப்போக்குக்கான மருந்து, அதில் உப்புதான் பிரதானம். 750 மி.லி. பாட்டிலில் 40 கிராம் மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்துப் பொடி), 20 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, அரை எலுமிச்சை. அந்தக் கால் டீஸ்பூனில் கிட்டத்தட்ட 600 மி.கி. சோடியம் இருக்கிறது. ஜெல் (பொட்டலத்தில் வரும் சர்க்கரைக் கூழ்) சாப்பிட்டால் வெறும் தண்ணீரோடு மட்டும். இந்தப் பாட்டிலோடு சேர்த்தால் வயிற்றில் சர்க்கரை கெட்டியாகி, ஓட்டத்தில் பிடித்து இழுக்கும். நீண்ட சவாரி ஒவ்வொன்றிலும் இதையே குடித்துப் பழகுங்கள்.

தேவனஹள்ளி_சக்கரம்
சைக்கிளை விமானத்தில் அனுப்புவதாக இருந்தால் பின் டிரெய்லியரை (கியர் மாற்றும் கருவி) கழற்றி, குமிழ் உறையில் சுற்றி, சக்கரக் கம்பிகளுக்கு நடுவே கட்டாமல் ஃபிரேமின் உள்பக்கம் கட்டுங்கள். அப்படியே விட்டால் ஹேங்கர் (டிரெய்லியரை ஃபிரேமோடு பிடிக்கும் துண்டு) வளையும், கியர் தாவும், பெரிய பல்லில் டிரெய்லியர் சக்கரக் கம்பியைப் போய்த் தொடும். உங்கள் ஃபிரேமுக்கான ஹேங்கர் ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள், கோவாவில் அந்த மாடல் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். டயருக்குக் காற்றடிக்கும் சிஓ2 சிலிண்டரை விமானத்தில் விட மாட்டார்கள் என்று நினைத்து, கைப்பம்ப் எடுத்துப் போங்கள். ஆழமான ரிம் போட்டிருந்தால் ஸ்பேர் டியூபின் வால்வு நீளத்தை இன்றே அளந்து பாருங்கள். 48 மி.மீ. வால்வு 50 மி.மீ. ரிம்முக்கு வெளியே தலைகாட்டாது.