நம்ம குடும்பம் குரூப்: சித்தப்பா லேப்டாப்ல வைஃபை காணோம்

திண்டுக்கல் சித்தப்பா: கார்த்தி நீ பொங்கலுக்கு வந்து விண்டோஸுக்குப் பதிலா போட்டுக் குடுத்த லினக்ஸ் மின்ட்ல வைஃபையே காமிக்க மாட்டேங்குது. ஞாயித்துக்கிழமை காலேஜ் செட்டோட வீடியோ கால் இருக்குப்பா

சித்தி: மோடத்த மூணு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டாரு. டிவில நான் பாத்துட்டிருந்தது பாதில நிக்குது

கார்த்தி: மோடத்த விட்ருங்க சித்தப்பா, போன்லயும் டிவிலயும் வருதுன்னா அது நல்லாத்தான் இருக்கு. விமான படம் போட்ட கீ தெரியாம பட்டுருச்சா பாருங்க

திண்டுக்கல் சித்தப்பா: அதெல்லாம் அமுக்கிப் பாத்தாச்சு. நீ இருந்தப்போ நெட் ஓடுச்சே

கார்த்தி: அது என் போன்ல இருந்து கேபிள் வழியா வந்த நெட் 😬 வைஃபைய செக் பண்ணாம பஸ்ஸுக்கு ஓடிட்டேன், என் தப்புதான். ஒரு கமாண்ட் பேப்பர்ல எழுதி போட்டோ அனுப்பறேன், கருப்பு டெர்மினல்ல அப்படியே அடிச்சு வர்றத போட்டோ எடுத்துப் போடுங்க

திண்டுக்கல் சித்தப்பா: 📷 போட்டோ

கார்த்தி: நெனச்சேன். உங்க வைஃபை கார்டு பிராட்காம் 43142. கார்ட ஓட்டற சாஃப்ட்வேர்தான் டிரைவர். டிரைவர் இன் யூஸ்ங்கற எடத்துல பிசிஎம்ஏன்னு வருதுல்ல, அது சும்மா பாலம் மாதிரி, இந்த கார்டுல வைஃபைய ஓட்டாது. அங்க டபிள்யூஎல்னு வரணும், அந்த டிரைவர நாமதான் தனியா ஏத்தணும்

பிரியா அக்கா: இதுக்குப் பேசாம விண்டோஸே இருந்திருக்கலாம்லடா

கார்த்தி: அக்கா விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட அப்டேட் நின்னுச்சு, 2014ல வாங்குன லேப்டாப்ல 11 ஏறாது. லினக்ஸ்ல முக்காவாசி கார்டுக்கு டிரைவர் கெர்னலுக்குள்ளயே, அதாவது லினக்ஸோட மையப் பகுதிக்குள்ளயே வந்துரும், இந்த கார்டோட டிரைவர் ஓப்பன் சோர்ஸ் இல்ல, அதான் வெளியில இருந்து எடுத்துப் போடணும்

பெரிய அத்தை: 🌺 இனிய காலை வணக்கம் 🌺

திண்டுக்கல் சித்தப்பா: எடுக்கறதுக்கே நெட் வேணுமேப்பா

கார்த்தி: போனையும் லேப்டாப்பையும் கேபிள்ல சேத்து போன் செட்டிங்ஸ்ல யூஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணுங்க. போன் வீட்டு வைஃபைலயே இருக்கட்டும், டேட்டா காசு போகாது

திண்டுக்கல் சித்தப்பா: அந்த பட்டன் மங்கலா இருக்கு, அமுங்கல

கார்த்தி: எந்த கேபிள்?

சித்தி: சீரியல் செட்டோட வந்த கேபிள்டா

கார்த்தி: 🤣 அதுல சார்ஜ் மட்டும்தான் ஏறும் சித்தி. போன் டப்பால வந்த கேபிள் எடுங்க

திண்டுக்கல் சித்தப்பா: வந்துருச்சு. நீ ரெண்டாவது அனுப்புன கமாண்டும் அடிச்சாச்சு, என்னென்னமோ ஓடி நடுவுல பாஸ்வேர்ட் வைக்கச் சொல்லுச்சு, 8 எழுத்துக்குக் கம்மியா வாங்கல, பெருசா வச்சு ரீஸ்டார்ட்டும் பண்ணியாச்சு. இப்பவும் வைஃபை இல்ல

கார்த்தி: மொத கமாண்டயே திரும்ப அடிச்சு போட்டோ போடுங்க

திண்டுக்கல் சித்தப்பா: 📷 போட்டோ

கார்த்தி: டிரைவர் இன் யூஸ் வரியே காணோம், ஆனா கீழ மாட்யூல்ஸ் வரில டபிள்யூஎல் இருக்கு. அப்ப டிரைவர் உள்ள வந்துருச்சு, கெர்னல்தான் சேத்துக்க மாட்டேங்குது. ரீஸ்டார்ட் ஆனப்போ ப்ளூ ஸ்கிரீன் வந்துச்சா?

திண்டுக்கல் சித்தப்பா: ஆமா 10ல இருந்து நம்பர் எறங்கிட்டே வந்துச்சு, ஏதோ வைரஸ்னு கையே வைக்கல

சித்தி: நாக்காலிய விட்டே எந்திரிச்சு நின்னுட்டாரு

கார்த்தி: அய்யோ சித்தப்பா அதுதான் முக்கியமான எடம். செக்யூர் பூட் ஆன்ல இருக்கு, கையெழுத்து இல்லாத டிரைவர வாசல்லயே நிறுத்திரும். உங்க லேப்டாப்பே ஒரு சாவி உண்டாக்கி டிரைவர்ல கையெழுத்துப் போட்டிருக்கு, அந்த சாவி நம்ம ஆளுதான்னு நீங்க அந்த ஸ்கிரீன்ல சொல்லணும். நம்பர் முடிஞ்சா சாதாரணமா பூட் ஆகிப் போயிரும். மூணாவது கமாண்ட் அனுப்பிருக்கேன், பாஸ்வேர்ட் திரும்பக் கேக்கும். ரீஸ்டார்ட் பண்ணி நம்பர் ஓடறப்பவே எதாவது கீ தட்டுங்க, என்ரோல் மோக் (அந்த சாவிய சேத்துக்கறது), அப்புறம் கன்டினியூ, எஸ், பாஸ்வேர்ட், கடைசில ரீபூட்

பிரியா அக்கா: செக்யூர் பூட்டயே ஆஃப் பண்ணிட்டா சுலபம்ல

கார்த்தி: பண்ணலாம்தான், ஆனா அதுக்கு பயாஸ்க்குள்ள, அதான் லேப்டாப் ஆன் ஆகறப்பவே தெறக்கற செட்டிங்ஸுக்குள்ள போகணும். சித்தப்பாவ அங்க தனியா விட எனக்கு தைரியம் இல்ல

திண்டுக்கல் சித்தப்பா: டேய்

(20 நிமிஷம் கழிச்சு)

திண்டுக்கல் சித்தப்பா: வந்துருச்சு வந்துருச்சு!! பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் வரிசையா நிக்குது

பெரிய அத்தை: என்ன வந்துச்சு, சம்பந்தி வீட்ல இருந்தா?

கார்த்தி: வைஃபை அத்தை 😂 சித்தப்பா, பின்னாடி கெர்னல் அப்டேட் வந்து ஒருவேளை மறுபடி காணாமப் போச்சுன்னா பதறாதீங்க, புது கெர்னலுக்கு டிரைவர் திரும்ப பில்டு ஆகணும், எப்பவாவது சொதப்பும். அந்த நல்ல கேபிள பத்திரமா வைங்க

திண்டுக்கல் சித்தப்பா: அது கெடக்கட்டும், நம்ம வீட்டு வைஃபைய தொட்டா பாஸ்வேர்ட் கேக்குது. ப்ளூ ஸ்கிரீன்ல போட்டத அடிச்சா வாங்க மாட்டேங்குதே

சித்தி: காலண்டர் பின்னாடி எழுதி வச்சிருக்கேன், பாருங்க