பாட்டி வீடு குழு: மூன்றாவது டிக்

பெரியப்பா (காலை 6:12): (பலமுறை பகிரப்பட்டது) நாளை முதல் புதிய விதி! எல்லா அழைப்புகளும் பதிவு செய்யப்படும். இரண்டு நீல டிக் என்றால் பெறுபவர் படித்துவிட்டார். மூன்று நீல டிக் என்றால் அரசாங்கமும் படித்துவிட்டது. உடனே எல்லாருக்கும் அனுப்பவும்.

முரளி அண்ணன்: அப்பா, இதையே போன வருடமும் அனுப்பினீர்கள். மூன்றாவது டிக் என்று ஒன்று கிடையவே கிடையாது.

பெரியப்பா: எச்சரிக்கையாக இருப்பதில் என்ன நஷ்டம்?

சுமதி சித்தி: இல்லை முரளி, யாரோ படிக்கத்தான் செய்கிறார்கள். செவ்வாய்க்கிழமை இரவு வக்கீலுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். புதன்கிழமை காலையில் அண்ணி போன் செய்து, "மாடியை உன் பெயருக்குக் கேட்டிருக்கிறாயாமே" என்கிறார். இவரிடம்கூட நான் சொல்லவில்லை.

சித்தப்பா: என்னிடம் ஏன் சொல்லவில்லை?

சுமதி சித்தி: இப்போது தெரிந்துவிட்டதல்லவா.

ராஜம் அத்தை: நான் பொதுவாகக் கேட்டேன்.

நான்: 🙄

முரளி அண்ணன்: சித்தி, பொறுமையாகப் படியுங்கள். மின்னஞ்சலை நடுவழியில் பிரித்துப் படிப்பது இப்போது சுலபமல்ல. பெரிய நிறுவனங்களுக்கு இடையே அது பெரும்பாலும் பூட்டிய பையில்தான் போகிறது. ஆனால் இரண்டு முனையிலும் பை திறக்கப்படும். உங்கள் அஞ்சல் சேவை நிறுவனமும் வக்கீலின் சேவை நிறுவனமும் நினைத்தால் படிக்கலாம். வாட்ஸ்அப் அப்படியல்ல. 2016 முதல் செய்தி நம் கைப்பேசியிலேயே பூட்டப்பட்டு, அடுத்தவர் கைப்பேசியில்தான் திறக்கிறது. யார் யாரோடு எப்போது பேசினார்கள் என்பது நிறுவனத்துக்குத் தெரியும். என்ன பேசினார்கள் என்பது தெரியாது.

சித்தப்பா: நீளம்.

பெரியப்பா: விளம்பரம் போடுவதற்காக ஜிமெயிலில் கடிதங்களைப் படிக்கிறார்கள் என்று பத்திரிகையில் வந்ததே?

முரளி அண்ணன்: அது உண்மைதான் அப்பா. ஆள் உட்கார்ந்து படிக்கவில்லை, கணினி சொற்களை மேய்ந்தது. விளம்பரத்துக்காகப் பார்ப்பதை நிறுத்துகிறோம் என்று 2017இல் கூகுள் அறிவித்தது. குப்பை அஞ்சலையும் வைரஸையும் பிடிக்க இன்றும் கணினி பார்க்கிறது.

திவ்யா: அண்ணா, அலுவலக மடிக்கணினியில் இன்காக்னிட்டோவில் சொந்த மின்னஞ்சலைத் திறந்தால் யாருக்காவது தெரியுமா?

முரளி அண்ணன்: எதற்குக் கேட்கிறாய்?

திவ்யா: ஒரு தோழிக்காக.

சித்தப்பா: எந்தத் தோழி?

சுமதி சித்தி: வேலையை விடப்போகிறாயா திவ்யா?

திவ்யா: அம்மா, உன் கடிதத்தைப் பற்றித்தானே பேச்சு.

முரளி அண்ணன்: இன்காக்னிட்டோ என்பது அந்தக் கணினியின் உலாவியில் தடயம் தங்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். எந்தத் தளத்துக்குப் போனாய் என்பது வீட்டில் என்றால் இணைப்பு கொடுக்கும் நிறுவனத்துக்கும், அலுவலகத்தில் என்றால் அலுவலகத்துக்கும் பெரும்பாலும் தெரியும். முகவரிக்கு முன்னால் எச்டிடிபிஎஸ் இருந்தால் உள்ளே என்ன படித்தாய், என்ன எழுதினாய் என்பது வழியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஆனால் மடிக்கணினியே அலுவலகத்துடையது என்றால் கதை வேறு. அவர்கள் தங்கள் சான்றிதழை, அதாவது அந்தப் பூட்டுக்கு ஒரு மாற்றுச் சாவி மாதிரி, அதில் நிறுவியிருந்தால் பூட்டுக்குள்ளும் பார்க்கலாம். திரையைப் படம் பிடிக்கும் மென்பொருளும் உண்டு. அலுவலக மின்னஞ்சலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அதன் சாவி நிர்வாகியிடம்தான் இருக்கிறது. உன் தோழியை அவள் கைப்பேசியில், அவள் டேட்டாவில் விண்ணப்பிக்கச் சொல்.

திவ்யா: அனுப்பிவிட்டாள் 😐

பெரியப்பா: விபிஎன் போட்டால்?

முரளி அண்ணன்: அது நம் இணையப் போக்குவரத்தைப் பூட்டி வேறொரு நிறுவனம் வழியாக அனுப்பும். இணைப்பு நிறுவனத்தின் கண்ணை மறைக்கலாம். பதிலுக்கு விபிஎன் நிறுவனத்தின் கண் வந்து உட்கார்ந்துகொள்ளும். இலவசமாகக் கிடைப்பதைத் தொடாதீர்கள் அப்பா.

பெரியப்பா: இரண்டு போட்டிருக்கிறேன்.

ராஜம் அத்தை: நாலு நாளாக மழை விடவே இல்லை. துணி எதுவும் காயவில்லை.

முரளி அண்ணன்: சித்தி, ஒன்று செய்யுங்கள். கூகுள் கணக்கில் பாதுகாப்பு என்ற பகுதியில் "உங்கள் சாதனங்கள்" என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்.

சுமதி சித்தி: என் கைப்பேசி. இவருடைய கணினி. ஒரு டேப்லெட். நம்மிடம் டேப்லெட் ஏது?

சித்தப்பா: பழைய டேப்லெட்டைக் கார்த்திக் படிப்பதற்காக அக்காவிடம் கொடுத்தோமே.

ராஜம் அத்தை: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

கார்த்திக்: அம்மா, நான் அப்போதே சொன்னேன்.

திவ்யா: மூன்றாவது டிக் கிடைத்துவிட்டது பெரியப்பா 😂

ராஜம் அத்தை: அது தானாக மணியடித்துத் திரையில் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டா இருக்க முடியும்?

சுமதி சித்தி: மணியடிப்பது வரும் கடிதத்துக்குத்தான், நான் அனுப்பியதற்கு அல்ல அண்ணி. அதுவும் மாடி நான்காவது பத்தியில் இருக்கிறது.

நான்: 🍿

ராஜம் அத்தை: ஆமாம், படித்தேன். என் பங்கு போகிறது என்றால் படிக்காமல் என்ன செய்வேன்? அம்மாவைக் கடைசி எட்டு வருடம் பார்த்தது யார் என்று அந்தக் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறதா?

சித்தப்பா: அக்கா, அதை இங்கே பேச வேண்டாம்.

ராஜம் அத்தை: பிறகு எங்கே பேசுவது? வக்கீலிடமா?

பெரியப்பா: ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வாருங்கள், நேரில் பேசலாம்.

சித்தப்பா: ஞாயிறு எனக்கு முடியாது. அடுத்த ஞாயிறு?

முரளி அண்ணன்: சித்தி, அந்தப் பட்டியலிலேயே டேப்லெட்டைத் தொட்டு வெளியேற்றுங்கள். பிறகு கடவுச்சொல்லை மாற்றி, இரண்டு படிச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள். கடிதங்கள் வேறு முகவரிக்குத் தானாகப் போகும்படி யாராவது அமைத்திருக்கிறார்களா என்றும் ஒருமுறை பாருங்கள்.

ராஜம் அத்தை: அதெல்லாம் எனக்குத் தெரியாது.

சுமதி சித்தி: மாற்றப் போனால் பழைய கடவுச்சொல்லைக் கேட்கிறது. எனக்கு நினைவில்லை.

சித்தப்பா: இந்தக் குழுவிலேயே ஒருமுறை அனுப்பியிருக்கிறேன். மேலே தேடு.

முரளி அண்ணன்: சித்தப்பா!!

கார்த்திக்: கிடைத்துவிட்டது. மார்ச் மாதம்.

பெரியப்பா: எனக்குத் தெரியவில்லை. மறுபடி அனுப்பு.

முரளி அண்ணன்: யாரும் எதையும் அனுப்பாதீர்கள். சித்தி, மாலையில் நானே வருகிறேன்.

சுமதி சித்தி: அதுவரை அந்த டேப்லெட்டை அணைத்து வையுங்கள் அண்ணி.

ராஜம் அத்தை: அணைக்கத்தான் எடுத்தேன். வக்கீல் பதில் போட்டிருக்கிறார், பார்.