அடையாறு பகுதியில் பூத்திருக்கும் மரங்கள்: உறுப்பினர்களிடம் ஓர் உதவி

அனைவருக்கும் வணக்கம். பங்குனி முடிந்து சித்திரை பிறக்கும் இந்நாள்களில் அடையாறு, பெசன்ட் நகர்த் தெருக்கள் பூத்துக் குலுங்குவதைக் காணக் காண மனம் நிறைகிறது. புங்க மரங்களின் அடியில் சிறு பூக்கள் பொரி சிந்தியதுபோல் கிடக்கின்றன. பெருங்கொன்றை தன் துருநிற மொட்டுகளையும் மஞ்சள் கொத்துகளையும் மேல்நோக்கி நிமிர்த்தி நிற்க, கேரளத்தார் விஷுக்கணியில் வைக்கும் சரக்கொன்றையோ சரங்களைக் கீழ்நோக்கித் தொங்கவிடுகிறது. இவ்வேறுபாட்டைக் குழந்தைகள் நேரில் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

வரும் ஞாயிறு காலை, வெயில் ஏறுமுன், எங்கள் குடியிருப்பின் சிறுவர்களையும் முதியோரையும் அழைத்துச் செல்ல எண்ணியுள்ளேன். முதியோர் நடக்கக்கூடிய தொலைவில், நன்கு பூத்த சரக்கொன்றை எந்தத் தெருவில் உள்ளது என்பதை அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

மேலும், எங்கள் பூங்கா வாயிலருகே இளஞ்சிவப்பு நிறத்தில் பூக்கும் மரம் ஒன்று உள்ளது. பூ புனல் வடிவம், உட்புறம் மஞ்சள், உதிரும்போதும் இதழ் பிரியாமல் முழுதாகவே விழுகிறது. இலைகள் பெரும்பாலும் கொட்டிவிட்டன. எஞ்சியவற்றில் ஒரு காம்புக்கு ஐந்து சிற்றிலைகள் காணப்படுகின்றன. இது என்ன மரம், கடற்காற்றைத் தாங்குமா, இதன் கன்று எங்கே கிடைக்கும் என்பதை வளர்த்தவர்கள் கூறினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.