‘இலவச கம்ப்யூட்டர் கண் பரிசோதனை’: கண்ணாடிக் கடைக்காரர் எதுவரை போகலாம்?

வில்லை:
இந்தப் போர்டு தொங்காத ஆப்டிகல்ஸ் கடையைப் பார்ப்பதே அரிது. அதைக் கழற்ற வேண்டும் என்பது என் கட்சி. மெஷின் துப்பும் துண்டுச் சீட்டு ஒரு தொடக்கம்தான். பிள்ளைகள் மெஷினுக்குள் பார்க்கும்போது, கிட்டத்தில் எதையோ உற்றுப் பார்ப்பதுபோல் கண் தசையை இறுக்கிக்கொள்வார்கள். மைனஸ் கூடுதலாக விழும். சொட்டு மருந்து விட்டுத் தசையைத் தளர்த்தினால்தான் உண்மையான பவர் வெளியே வரும். கடையில் அந்தச் சொட்டை யார் விடுவது?

கடைத்தெரு:
துண்டுச் சீட்டை அப்படியே லென்ஸாக்கும் கடைகள் உண்டு, மறுக்கவில்லை. ஒழுங்கான கடையில் லென்ஸை மாற்றி மாற்றிச் செருகிப் பார்க்கும் ட்ரையல் ஃப்ரேம் மாட்டி, ஒரு கண்ணை மறைத்து, வரி வரியாகப் படிக்க வைத்த பிறகே பவர் எழுதுவார்கள். வெள்ளெழுத்துக்கு என்ன பெரிய வித்தை? தூரப் பார்வை சரியாக இருப்பவருக்கு 45 வயதில் ஏறத்தாழ +1.00, 55-ல் +2.00. ஊசி கோக்கத் தடுமாறும் தையல்காரர் இதற்காக ஒருநாள் கூலியை விட்டு ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார வேண்டுமா? அரவிந்த் கண் ஆஸ்பத்திரி ஊர்ஊராக நடத்தும் சின்ன விஷன் சென்டர்களில்கூட டாக்டர் உட்கார்ந்திருப்பதில்லையே!

வில்லை:
அந்த உதாரணம் உங்களையே திருப்பி அடிக்கிறது, அண்ணே. அங்கே பயிற்சி பெற்றவர் கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப்பில் பார்க்கிறார். மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் வீடியோவில் வருகிறார். கடையில் அது நடக்கிறதா? கண் நீர் அழுத்த நோய் பெரும்பாலும் வலிக்காது. ஓரப் பார்வையை அரித்துக்கொண்டே போகும். முழுப் பார்வைக்கு அடையாளமான 6/6 வரியை மட்டும் நெடுநாள் படிக்க விடும். உங்கள் தையல்காரர் +1.00 வாங்கிப்போனால் அடுத்த சில வருடம் அவர் கண்ணுக்குள் யாரும் எட்டிப் பார்க்கப்போவதில்லை. சர்க்கரை எகிறிக் கிடக்கும்போது பவர் பார்த்தால், சர்க்கரை இறங்கிய சில வாரத்தில் அந்தக் கண்ணாடி தண்டம். ‘தாத்தா கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறார்’ என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். உள்ளே புரை முற்றிக்கொண்டிருக்கும்.

ஆக்சிஸ்90:
மூன்று பேரை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள். கண் மருத்துவர் ஒருவர். கண்ணைப் பரிசோதித்துப் பவர் பார்க்க நாலு வருடம் படித்த ஆப்டோமெட்ரிஸ்ட் ஒருவர். 2021-ல் வந்த துணை மருத்துவப் பணியாளர் ஆணையச் சட்டத்தில் அவருக்கு இடம் உண்டு. அளவெடுத்துக் கண்ணாடி பொருத்தித் தரும் ஆப்டீஷியன் மூன்றாமவர். கடையில் ஆப்டோமெட்ரிஸ்ட் இருந்தால் பவர் பார்க்கட்டும்.

எனக்குக் கோபம் வேறு இடத்தில். ஆப்டீஷியனின் சொந்த வேலையைத்தான் யாரும் செய்வதில்லை! 52-18 (வளையத்தின் அகலம் 52, நடுப்பாலம் 18) என்று எழுதிய ஃப்ரேமில் இரண்டு வளையங்களின் மையத்துக்கும் நடுவே 70 மி.மீ. முகத்தில் இரண்டு பாப்பாவுக்கும் இடைவெளி 62. லென்ஸை வளையத்தின் மையத்தில் வைத்து வெட்டினால் கண்ணுக்கு 4 மி.மீ. தள்ளிப்போகும். -6.00 பவருக்கு 0.4 (செ.மீ.) பெருக்கல் 6, அதாவது 2.4 பிரிசம் (ஒளியைப் பக்கவாட்டில் வளைக்கும் அளவு), இரண்டு கண்ணும் சேர்ந்து 4.8. கண்கள் வெளிப்பக்கம் விலகிப் பார்க்கத் திணறும், தலைவலி வரும். ‘புதுக் கண்ணாடி, போட்டுப் பழகுங்க’ என்று கடையில் அனுப்பிவிடுவார்கள். ஒரு திசையில் மட்டும் வேலை செய்யும் சிலிண்டர் பவரின் ஆக்சிஸ், அதாவது அது நிற்கும் கோணம், 10 டிகிரி திரும்பினால் சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்கு திருத்தப்படாமல் நிற்கும். 30 டிகிரி என்றால் போட்டதும் போடாததும் ஒன்று.

தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸில் பவர் படிப்படியாக மாறும் புரோகிரசிவ் இன்னும் மோசம். முதலில் மூக்குப் பட்டையையும் காதுக் கம்பியையும் வளைத்து ஃப்ரேமை முகத்தில் உட்கார வைக்க வேண்டும். பிறகு வாடிக்கையாளரின் கண் மட்டத்துக்கே உட்கார்ந்து, டம்மி லென்ஸில் ஒவ்வொரு பாப்பாவுக்கும் தனித்தனியாகப் புள்ளி வைக்க வேண்டும். புள்ளியை வைத்துவிட்டு ஃப்ரேமை வளைத்தால் அளவு போச்சு. புள்ளியின் உயரம் கூடினால் தூரம் மங்கி, மோவாயைத் தாழ்த்திக்கொண்டு நடப்பார். குறைந்தால் படிக்க அண்ணாந்து பார்ப்பார்.

கடைத்தெரு:
இதற்கெல்லாம் யார் காசு தருகிறார்கள், சார்? அளவெடுக்க இருபது நிமிஷம் என்றால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள். டெஸ்ட் இலவசம் என்றால்தான் உள்ளேயே வருகிறார்கள். போர்டு தொங்குவதன் காரணம் அதுதான்.

வில்லை:
ஆக, போர்டு விளம்பரம் என்று ஒத்துக்கொண்டீர்கள்.

கடைத்தெரு:
ஒத்துக்கொள்கிறேன், ஆனால் கழற்ற மாட்டேன். தையல்காரர் கதையும் அப்படியே நிற்கிறது.

ஆக்சிஸ்90:
கழற்ற வேண்டாம், ஒரு காரியம் செய்யுங்கள். ட்ரையல் பெட்டியில், நடுவே சின்ன ஓட்டை போட்ட பின்ஹோல் தட்டு தூசி படிந்து கிடக்கும். 6/6 எட்டாத கண்ணுக்கு அதை வைத்துப் பாருங்கள். ஓட்டை வழியாகத் தெளிந்தால் பெரும்பாலும் பவர் கோளாறு. தெளியவில்லை என்றால் லென்ஸ் விற்காமல் டாக்டரிடம் அனுப்புங்கள். திடீரென மின்னல் அடிக்கிறது, கருப்புப் பூச்சி பறக்கிறது, திரை விழுகிறது என்பவருக்குப் பின்ஹோலும் வேண்டாம்; அன்றைக்கே அனுப்ப வேண்டும். அழுத்த நோயை இந்த ஓட்டை காட்டாது, வில்லை சொன்னது அங்கே சரி.

கடைத்தெரு:
பின்ஹோல் சரி. நாற்பது தாண்டியவருக்குப் பில்லிலேயே ‘கண் அழுத்தம் பார்க்கவும்’ என்று முத்திரை குத்திவிடலாம். போவதும் போகாததும் அவர் பாடு.

வில்லை:
முத்திரையைப் படிக்கத்தானே +1.00 கொடுக்கிறீர்கள். குத்துங்கள்.